துப்பாக்கிக்குச் சந்தனப் பொட்டு

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். வடகரை பேச்சிராஜோடு மனைவி மாரிச்செல்வியும் வந்திருந்தாள். அப்படியே தென்காசியில் மகனுக்குச் செருப்பு வாங்க வேண்டும்.

"எதுக்குய்யா துப்பாக்கி?" என்றார் ஏட்டு.

"வயலு மலையடியில இருக்கு சார். பன்னி எறங்குது."

"வீட்டுல சின்னப்புள்ள உண்டா?"

"ஒரே பய சார். ஆறு வயசு."

மாரிச்செல்வி முந்திக்கொண்டாள். "தோட்டா போட்டு வைக்க மாட்டாவ சார். துப்பாக்கி வந்த அன்னைக்கே புள்ள தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன்."

"குழல்ல என்னம்மா, சந்தனமா?"

"ஆயுத பூசைக்கு நான்தான் வச்சேன்."

ஏட்டு சிரித்துக்கொண்டே குழலை மடக்கித் திறந்தார். சிரிப்பு நின்றது. உள்ளே இரண்டு தோட்டாக்கள்.

"எப்பலே போட்டது?"

பேச்சிராஜ் தரையைப் பார்த்தான். "எப்பவும் உள்ளதான் சார் கெடக்கும். பன்னி வந்து நிக்கும்போது போட்டுக்கிட்டா இருக்க முடியும்? இன்னைக்கு எடுக்க மறந்துட்டேன்."

மாரிச்செல்வி தன் போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினாள். ஆயுத பூஜையன்று பேச்சிராஜ் வாழைக்குலை வாங்கப் போயிருந்தபோது அவள் எடுத்து அவனுக்கு அனுப்பியது. துப்பாக்கியைத் தூக்க முடியாமல் நாற்காலியில் சாய்த்து, விசையில் விரல் வைத்து, படமெடுக்கும் அம்மாவையே குறி பார்த்தபடி மகன் புவனேஷ் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதன் கீழே பேச்சிராஜின் பதில் இருந்தது.

"எம் புலிக்குட்டி. இன்னொன்னு எடுத்து அனுப்பு."