பொற்கொடியின் வேகம்

பல்லடம் சாலையில் இப்போது எல்லோருக்கும் ஒரே வேக வரம்பு கிடையாது. ஓட்டுகிறவரின் நிலையைப் பார்த்து, அவருக்கு எந்த வேகம் பத்திரம் என்று சாலையோரப் பலகை காட்டும். கார் அதைத் தாண்டாது.

பொற்கொடிக்குப் பிரசவ வலி எடுத்ததும் அவள் கணவன் நல்லசிவம் காரை எடுத்தான். வழக்கமாக அவனுக்கு எழுபது வரும். அன்று இருந்த பதற்றத்தில் பலகை பன்னிரண்டு என்றது. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திப் போனார்.

"பதறாம ஓட்டுங்க," என்றாள் பொற்கொடி.

"நான் பதறவே இல்லை கண்ணு," என்றான். பலகை ஒன்பதுக்கு இறங்கியது.

"ஏனுங்க, ஓரமா நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

வயிறு இடிக்காதபடி இருக்கையைப் பின்னால் தள்ளி, அவளே ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பலகை ஐம்பது காட்டியது. வலி வந்தால் கார் தானாக ஓரங்கட்டி நின்றது. வலி அடங்கியதும் மறுபடி ஐம்பது.

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சக்கர நாற்காலியோடு ஓடிவந்த நர்ஸ், ஓட்டி வந்தவளைக் கவனிக்கவில்லை. வெளிறிப்போய் வியர்த்துக்கொண்டிருந்த நல்லசிவத்தின் பக்கக் கதவைத்தான் திறந்தார்.

"மெல்ல இறங்குங்க சார்."

அவன் இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பொற்கொடி காரைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.