இடது ஸ்பீக்கர்

"டிஜிட்டல்ல சத்தம் வரும் கண்ணு, உசுரு வராது" என்று மகனிடம் சொல்லிவிட்டார் கோவிந்தராஜுலு. அட்டைப் பெட்டியை இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

சசிதருக்குச் சுருக்கென்றது. தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஐந்து ஸ்பீக்கரும் டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையருமாகக் கஸ்டம்ஸில் வாதாடி, பீளமேட்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

வீட்டில் இருந்ததோ உக்கடம் நசுருதீன் பாய் செய்து கொடுத்த அனலாக் செட். மரப்பெட்டி, பெரிய பெரிய குமிழ்கள். அதையும் நைனா வைத்திருந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. ட்ரெபிள் உச்சத்தில் கீச்சிட்டது. பேலன்ஸ் குமிழ் இடது கோடியில் இறுகிக் கிடந்ததால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. வலது ஸ்பீக்கர் சும்மா அலங்காரத்துக்கு நின்றது. இதில்தான் உயிர் இருக்கிறதாம்.

பரீட்சை வைத்தே தீருவது என்று முடிவு செய்தான் சசிதர். இரண்டு செட்டையும் போர்வைக்குப் பின்னால் மறைத்தான். போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்று புதியதையும் இடது ஸ்பீக்கரில் மட்டும் பாட விட்டு, அதே அளவுக்குக் கீச்சிட வைத்தான். ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, எது பழசு என்று நைனாவைக் கேட்டான்.

நான்கு முறையில் மூன்று முறை தப்பாகச் சொன்னார் கோவிந்தராஜுலு. பேத்தி அக்ஷிதா "தாத்தா ஃபெயில்" என்று கை தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். இடது ஸ்பீக்கரை ஒட்டிய தன் நாற்காலியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த அம்மா பங்காரம்மாவும் சிரித்தாள்.

"ஏனுங்க நைனா, இப்பவாச்சும் ஒத்துக்குங்க."

"தோத்துட்டேன் கண்ணு. ஆனா நம்ம ஊட்டுல ஓடறது பழசுதான்."

யார் கேட்டார்கள்? கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தபடி ஐந்து ஸ்பீக்கரையும் ஐந்து இடத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே சீராக வைத்துப் படம் போட்டான் சசிதர். மழை நாலா பக்கமும் பெய்தது. அக்ஷிதா கண் கொட்டாமல் பார்த்தாள்.

கால் மணி நேரத்தில் பங்காரம்மா, அரிசி ஊற வைக்க வேண்டும் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். மறுநாளும் ஏதோ வேலை இருந்தது. அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால் பழைய செட் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. புதியது பெட்டிக்குள் போயிருந்தது.

சசிதருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தோத்தது உங்களுக்குப் பொறுக்கலை. பேத்தி ஆசையாப் படம் பாக்கறதவிட உங்க வீம்புதான் பெருசுங்களா?"

கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, செட்டைத் தூக்கிக்கொண்டு உக்கடம் போனான் சசிதர். இதுதான் ஓட வேண்டும் என்றால் அந்தக் குமிழையாவது சரி செய்து வைப்போம் என்று நினைத்தான்.

நசுருதீன் பெட்டியைத் திறக்கவேயில்லை.

"இது ரிப்பேரில்லீங்க தம்பி. நான்தான் உள்ள திருகு போட்டு இறுக்கினேன். ஐயா சொல்லித்தான்."

"எதுக்குங்க பாய்?"

நசுருதீன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசம் முன்னாடி என்னை ஊட்டுக்கு வரச்சொன்னாருங்க. அம்மா பாட்டுக் கேட்டுட்டு ஒக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு குமிழா மெல்லத் திருப்பச் சொல்லிப்போட்டு, ஐயா அம்மாவோட வெரலையே பாத்துட்டு நின்னாரு. எந்த இடத்துல அந்த வெரலு தாளம் போட ஆரம்பிச்சுதோ, அங்க என் கையைப் புடிச்சுட்டாரு. இங்கியே பூட்டிப்போடுங்க பாய்ன்னாருங்க."

சசிதர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அம்மாவுக்கு வலது காது அறவே போய்விட்டதாம். இடது காதிலும் கீச்சென்று வந்தால்தான் பாட்டு கேட்குமாம். ஆனால் அது அவளுக்கே தெரியாது. ஊர் உலகமெல்லாம் முணுமுணுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தால் நாலு பேர் முன்னால் வரவே கூசுவாள் என்று சொல்லும்போது ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்றார் நசுருதீன்.

"புதுச் செட்டுலயும் இப்படி வெக்கலாமே பாய்?"

"வெக்கலாமுங்க. கரண்டு போய் வந்தா அது மறந்துபோயிரும். தெனமும் ரிமோட்டை வெச்சு நோண்டிட்டிருந்தா அம்மா ஏன்னு கேப்பாங்கல்லங்க."

குமிழைத் தொடாமல் செட்டை வீட்டுக்கு எடுத்துவந்தான் சசிதர். நைனா திரும்புவதற்குள் பழைய இடத்திலேயே வைத்துப் பாட்டையும் போட்டான். காதைப் பிளந்தது. இந்த முறை அது அவனுக்கு உறைக்கவில்லை. நைனாவிடம் பேசிய பேச்சுதான் உறைத்தது.

பங்காரம்மா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் தாளம் போட்டது. பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனை அருகில் கூப்பிட்டாள்.

"நல்லதாப் போச்சு சாமி, பழசையே வெச்சுட்டே. போர்வை கட்டிப் பரீட்சையெல்லாம் இனிமே வெக்காதே. உங்க நைனாவுக்குக் காது மந்தம். ரெண்டு வருசம் முன்னாடி எங்கிட்ட மட்டும் அவரே ஒத்துக்கிட்டாரு. நீ கேட்டியின்னா மனசு ஒடஞ்சு போவாரு. அவருக்காகத்தான் இந்தச் சத்தத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதில்லை."

சசிதர் அவளுடைய இடது பக்கமாகச் சுற்றி வந்து, குனிந்து, "சரிங்கம்மா" என்றான்.