ரெண்டு கம்பு, அஞ்சு மீனு

ஷார்ஜாவில் ஒற்றை அறை. கட்டிலின் மேல் சஜினின் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. நாளை அவன் லீவில் ஊருக்குப் போகிறான். மனைவி அக்ஸாவுக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை. மணக்குடிக் காயலில் கொடுவா மீன் பிடிக்க எவை போதுமென்று, தூண்டிலில் கட்டும் பிளாஸ்டிக் மீன்களையும் ரப்பர் புழுக்களையும் மெத்தை முழுக்கப் பரப்பிக் காலையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான். ஜன்னல் வெயிலில் அவை பச்சையும் வெள்ளியுமாகப் பளபளக்கின்றன. மீனை இழுக்கப் புழுக்களில் பூசிய எண்ணெய் அவளுடைய தலையணையில் ஊறுகிறது. பூண்டும் கெட்டுப்போன மீனும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவுகிறது. ஒரு புழு நீளமென்று அவன் அதன் வாலைக் கடித்துத் தரையில் துப்புகிறான். உதட்டில் எண்ணெய் மினுங்குகிறது.

“ரெண்டு மடக்குத் தூண்டில் கம்பு, அஞ்சு மீனு. இதுக்கு மேல கொறைக்க முடியாது, பாத்துக்க” என்கிறான், பெரிய தியாகம் செய்தவனைப் போல. பெட்டி மூட மாட்டேனென்கிறது. முட்டியால் அமுக்கிப் பார்க்கிறான். பிறகு மூலையில் கைவிட்டு, ஊரில் அவள் அம்மாவிடம் வளரும் மகளுக்கு வாங்கிய ஷூவை உருவுகிறான். “இது நாகர்கோயில்லயும் கெடைக்கும்லா.” துப்பிய வாலுக்குப் பக்கத்தில் விழுந்த ஷூவின் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னுகிறது, மின்னுகிறது, அணைகிறது.

“பிள்ளைக்கு என்ன சைஸுன்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“இப்ப மூடுது பாரு” என்று அவன் ஜிப்பை இழுக்கிறான்.