நாலாம் நம்பர் பெல்ட்

“நாலாம் நம்பர் பெல்ட் யாருது?” என்று டேப்லெட்டைப் பார்த்தபடி கேட்டார் பாதுகாப்பு அதிகாரி.

குடோனில் மூட்டை தூக்கும் ஐந்து பேரும் திருதிருவென்று விழித்தார்கள். யார் முதுகு எவ்வளவு பாடுபடுகிறது என்று அளக்க, காலையில் ஆளுக்கொரு சென்சார் பெல்ட் கொடுத்திருந்தார் அவர்.

“மத்ததெல்லாம் பச்சை. நாலாம் நம்பர் மட்டும் செக்கச்செவேல்னு இருக்கு. முந்நூத்திப் பன்னெண்டு தடவை குனிஞ்சிருக்கார். ஒரு தடவைகூட முட்டிய மடக்கல. இப்படியே போனா மூணே மாசத்துல படுத்த படுக்கைதான்!”

“வேலைய விட்டுத் தூக்கிருவீங்களா சார்?” என்றார் மேஸ்திரி கவலையாக.

“சேச்சே! ஒரு வாரம் சம்பளத்தோட லீவு. இதோ, கையெழுத்தே போட்டுட்டேன். யாருன்னு சொல்லுங்க.”

லீவு என்றதும் ஐந்து பேரும் ஆவலாகச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“எப்படிக் கட்டணும்னு காலையில உங்க இடுப்புல கட்டிக் காட்டுனீங்களே சார், அத அவுத்தீங்களா?”

அதிகாரி கோட்டுக்குள் தடவிப் பார்த்தார். இருந்தது.

“நான் எங்கய்யா மூட்டை தூக்குனேன்?”

“தூக்கல சார். நாங்க முட்டிய மடக்குறோமான்னு நாள் முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்களே!”

அதிகாரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

“முட்டி சார், முட்டி!” என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.