வலப்பக்கம்

தையலை வெட்டினாள்.

பிளேடு போன இடமெல்லாம் தாள்கள் தளர்ந்து விரிந்தன.

உள்ளங்கைக்குள் அடங்கும் நோட்டு. மூன்று வருடத்துக்கு முன் அவளே செய்தது. கறுப்பு ரெக்ஸின் அட்டை. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கொடுத்த ஓலையைக் கிழித்து, சிலுவையாக மடித்து, அட்டையின் மேல் கண்ணாடித் தாளுக்கு அடியில் வைத்திருந்தாள். செருப்பு தைக்கிற நூல். அதையும் மெழுகுதிரியில் இரண்டு தரம் இழுத்துத் தைத்தது.

எமிலி அக்காவின் கைப்பையில் சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டே கிடந்தும் ஒரு தாள்கூட உதிரவில்லை.

உள்ளே அடிக்க ரப்பர் முத்திரை இரண்டு. வார்த்தைகளை முத்திரைக் கடையில் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். இடப்பக்கத்தில் ‘வேண்டுதல்’. வலப்பக்கத்தில் ‘பதில்’. கேட்ட தேதி இங்கே. கிடைத்த தேதி அங்கே.

அப்போது எமிலி அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். குழந்தை இல்லை. புதிதாக வந்த இளைய மருமகள், மூத்த மருமகளுக்குக் கொடுத்த முதல் பரிசு அந்த நோட்டு.

அடுக்களையிலிருந்து எமிலி அக்காவின் குரல் வந்தது.

“பழைய தாளயும் சேத்தே தைச்சிரு, ஏட்டி. பக்கம் கூட வை. எனக்குக் கேக்கதுக்கு நெறைய இருக்கு.”

சிரிப்பும் வந்தது. மாங்காய் போட்ட மீன்குழம்பின் மணமும். நேற்று அவள்தான் அக்காவிடம் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள்.

வாசிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். தாள்களை வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. தேதிகளை மட்டும் பார்த்தாள்.

பிறகு எழுத்தும் கண்ணில் பட்டது.

அத்தையின் முழங்கால் வலி. எதிரே பத்தாவது நாள் பதில். அவருக்கு இடமாற்றம் வரக் கூடாது. பதில். மோட்டாரில் தண்ணீர் ஏற வேண்டும். அன்றைக்கே பதில்.

எனக்கு ஒரு பிள்ளை.

எதிரே காலி.

எனக்கு ஒரு பிள்ளை. காலி. ஏழு இடத்தில்.

பிறகு, போன வருடம் மார்ச் 3.

‘எனக்கு முன்னால் வேண்டாம், ஆண்டவரே.’

எதிரே, ஏப்ரல் 19. ‘ஸ்தோத்திரம்.’

பெயர் எதுவும் இல்லை.

வேண்டியதில்லை. மார்ச் மூன்று, உண்டாகியிருப்பதை அவள் முதல் முறையாக வீட்டில் சொன்ன நாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்து நெற்றியில் முத்தமிட்டது எமிலி அக்கா. ஏப்ரல் பத்தொன்பது, அது கலைந்த நாள். படுக்கை விரிப்பைத் துவைத்ததும் எமிலி அக்காதான். கறை போகும்வரை கல்லில் தேய்த்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை.

எழுத்து குண்டு குண்டாக இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப் போடுகிற அதே எழுத்து.

அவள் கடைசித் தாளுக்குப் போனாள்.

போன ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, இரண்டாவது முறையாக வீட்டில் சொன்ன நாள்.

‘மறுபடியும் அதே.’

வலப்பக்கம் காலி.

வெகுநேரம் அந்தக் காலிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பிளேடை எடுத்தாள். தையல் பிடிக்கிற ஓரத்தை மட்டும் விட்டு, அந்தத் தாளை நறுக்கினாள்.

புதுத் தாள்களை மடித்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள். இடப்பக்கத்தில் அடித்தாள். அதே முத்திரையை வலப்பக்கத்திலும் அடித்தாள். அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்த பக்கத்திலும்.

மற்ற முத்திரையை அவள் தொடவில்லை.

நறுக்கிய தாளில் கையின் மையைத் துடைத்தாள்.

நூலை மெழுகுதிரியில் இழுத்தாள். இந்தத் தடவை மூன்று தரம். ஒவ்வொரு துளையிலும் ஊசியை இரண்டு முறை விட்டு, விரல் வெட்டுகிற அளவுக்கு இறுக்கினாள். அட்டையை ஒட்டினாள். ஓலைச் சிலுவை கோணாமல் இருக்கிறதா என்று தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

எமிலி அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நோட்டை வாங்கினாள். அதன் முதுகைத் தடவினாள்.

“கல்லு மாதிரி இருக்கே. எத்தன வருசம் வரும்?”

“உங்க ஆயுசுக்கும் வரும்க்கா.”

எமிலி அக்கா புதுப் பக்கத்தைத் திறந்தாள். சிரித்த முகமாகவே ஒரு தாளைப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். பிறகு வேகமாக, கடைசிவரைக்கும்.

இரு பக்கமும் வேண்டுதல்.

“என்னட்டி இது.”

“கேக்கதுக்கு நெறைய இருக்குன்னு சொன்னீங்களேக்கா.”

எமிலி அக்காவின் பெருவிரல் பின்னோக்கிப் போனது. பழைய தாள்கள் முடிகிற இடத்துக்கு. நறுக்கிய ஓரத்தில் போய் நின்றது.

அடுக்களையில் குக்கர் அடங்குகிற சத்தம் கேட்டது.

எமிலி அக்கா நோட்டை மூடினாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். குழம்பை ஊற்றினாள். தட்டை அவள் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்பிடு.”

அவள் கை மடியிலேயே இருந்தது.

குழம்பின் மேல் எண்ணெய் படிந்து ஆடை கட்டத் தொடங்கியது.

எமிலி அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மீனைப் பிட்டு, சோற்றோடு பிசைந்து, ஒரு வாய் தின்றாள். மென்று விழுங்கினாள். இன்னொரு வாய்.

பிறகு தட்டை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள்.