குலுங்கிய குப்பி

சின்ன விமானத்தின் இறக்கைமேல் ஒரு கண்ணாடிக் குப்பி நின்றது. பெட்ரோலைச் சோதிப்பது அதன் வேலை. அதன் வயிற்றில் ஒரு கோடு. கோடு வரை தண்ணீர். மேலே பெட்ரோலை ஊற்றிக் குலுக்கினால், பெட்ரோலில் ஒளிந்திருக்கும் எத்தனாலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடும். அந்த எத்தனால் விமானத்துக்குள் போனால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி, பறக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும்.

பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்த கேன், குப்பியில் கொஞ்சம் ஊற்றியது. "பாரு, தண்ணி கோட்டுலயே நிக்குது. டேங்கைத் திறப்பா."

காலையிலிருந்து பறக்கத் துடித்த விமானம் மூடியைத் தளர்த்தியது.

"இன்னும் குலுக்கவே இல்லையே" என்றது குப்பி.

"ரோட்டுல போற வண்டியெல்லாம் என்னைத்தான் குடிக்குது. ஒண்ணாவது கேள்வி கேட்டிருக்கா? உன்னை யாரு குலுக்கப்போறா?"

குப்பி தன் மூடியை இறுக்கிக்கொண்டு வேண்டுமென்றே சாய்ந்தது. இறக்கை நெடுக உருண்டு, புல்லில் விழுந்து, குட்டிக்கரணம் போட்டு எழுந்தது. கழுத்தில் ஒரு கீறல். உள்ளே நுரை அடங்கியபோது தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது.

விமானம் டேங்கை மூடிக்கொண்டது.

"ஏதோ கொஞ்சம் கலந்திருக்கு" என்று குழைந்தது கேன். "அந்த வண்டிங்க ஓடலையா?"

"ஓடுது. நின்னுபோனா ஓரமா ஒதுங்கிக்கும்" என்றது குப்பி. "இவன் எங்கே ஒதுங்குவான்?"