மூச்சு இருக்கு

“இறங்குடா கீழே! உங்கப்பன் முதுகுன்னு நெனச்சியா?”

எபோ கிழவர் வாளியை ஓங்கியதும், திமிங்கிலத்தின் மேல் ஏறி போட்டோ பிடித்துக்கொண்டிருந்தவன் குதித்து ஓடினான். இந்தக் காலத்து ஆட்களே இப்படித்தான். பாவம், கரை ஒதுங்கிக் கிடக்கிறதே என்று ஒருத்தனுக்கும் தோன்றாது. போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான்.

இவர்களை விரட்டுவதற்கென்றே எங்கள் ஊரில் திமிங்கிலப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று வைத்து, அதற்கு ஒரு கமிட்டியும் போட்டார்கள். காசு கிடையாது, ஒரு பச்சைச் சட்டை மட்டும் உண்டு. மீனவர்களில் ஒருவர் வேண்டும் என்றபோது மற்றவர்கள் நழுவ, எபோ மாட்டிக்கொண்டார். “கூடி உக்காந்து பிஸ்கட் தின்னுற கும்பல்” என்று திட்டிக்கொண்டேதான் சட்டையை வாங்கிப் போட்டார்.

திமிங்கிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டால், காவல் முறை வந்த கமிட்டி ஆள் மட்டும்தான் உள்ளே போகலாம். அது பிழைத்திருக்கிறதா, போய்விட்டதா என்று அவர் சொல்வதுதான் ஊருக்கு முடிவு. திமிங்கிலம் எங்களுக்குக் கடல் சாமி; செத்தால் முரசு அடித்து, மனிதரைப் போலவே அடக்கம் செய்வோம்.

அன்றைக்கு முறை எபோவுடையது. முந்தின நாள் சாயங்காலம் அடித்த காற்றில் அவர் மகன் ஜோஜோவின் படகு கரை திரும்பவில்லை. விடிந்ததும் ஊர்ப் படகுகள் தேடப் போயிருந்தன. பெற்ற அப்பனோ அலைக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவே வாளியோடு நடந்துகொண்டிருந்தார்.

மருமகள் எகுவா, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மாமா, நீங்க மனுசந்தானா? உங்க புள்ள கடல்ல கெடக்கான். நீங்க மீனக் குளிப்பாட்டிட்டு நிக்கிறீங்க!”

“தோல் காஞ்சா செத்துரும்மா. வீட்டுக்குப் போ.”

“சாகட்டும்! சனியன், செத்துத் தொலையட்டும்!”

“வாய மூடு!”

கரையே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் மருமகளிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. எகுவா வாளியை எட்டி உதைத்துவிட்டு, மணலில் விழுந்து அழுதாள். எபோ வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி அலைக்குப் போனார்.

உச்சி வெயிலில் படகுகள் பெட்ரோலுக்காகத் திரும்பின. ஜோஜோவைப் பார்த்தவர் இல்லை. மீனவர் தலைவர் நானா ஒத்தூ கயிற்றுக்கு வெளியே வந்து நின்றார். முரசு அடிக்கிற குவாமினா பின்னாலேயே வந்தான்.

“என்ன பெரியவரே, போயிருச்சா?” என்றான் குவாமினா. “போயிருச்சுன்னா சொல்லிருங்க, முரச அடிச்சிர்றேன். அடக்கம் முடியிற வரைக்கும் எதுக்காகவும் எவனும் படக எடுக்கக் கூடாது. நாமளும் கொஞ்ச நாள் கால நீட்டிப் படுப்போம்.”

“சாவு எப்ப வரும்னு காத்துட்டு நிக்கிறான் பாரு” என்று அதட்டினார் நானா ஒத்தூ.

“இல்ல தலைவரே, அசையவே காணோமே?”

“நீயும்தான் சர்ச்சுல அசையாம உக்காந்திருக்க” என்றார் எபோ. “உன்னப் பொதைச்சுட்டோமா?”

அந்த நிலைமையிலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். எபோ சிரிக்கவில்லை. அலையில் வாளியை முக்கி, திமிங்கிலத்தின் தலைமேல் கவிழ்த்தார்.

“ஐயையோ!” சங்கத்துச் செயலாளர் குவான்சா டீச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “மூக்கு ஓட்டையிலயே ஊத்துறீங்களே! தண்ணி உள்ள போனா மூச்சு முட்டிரும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?”

எபோவின் கை அப்படியே நின்றது.

“கண்ணு மறைக்குது டீச்சர். கை தவறிருச்சு.”

“நான் உள்ள வந்து ஊத்தட்டுமா?”

“வேணாம். மொறை என்னோடது.”

நானா ஒத்தூ தொண்டையைச் செருமினார். “எபோ, ஊர் சார்பாக் கேக்குறேன். மூச்சு இருக்கா?”

“இருக்கு.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“இருக்குன்னு சொல்றேன்ல!”

படகுகள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்பின. டீச்சர் கயிற்றுக்கு வெளியே சோள மாவில் அவித்த ஒரு கென்கே உருண்டையை இலையோடு வைத்துவிட்டுப் போனார். எபோ அதைத் தொடவில்லை. நிழல் நீளும்வரை நடந்துகொண்டேயிருந்தார். கடைசியில் வாளியைத் தூக்க முடியாமல் மணலில் இழுத்துக்கொண்டு வந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. அதில் நின்றவர்கள் துணியைச் சுழற்றிக் கத்தினார்கள். எகுவா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடினாள்.

கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருந்தார்கள், ஜோஜோவும் கூடப் போன இரண்டு பேரும். உப்பில் உதடு வெடித்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. கரையே கூச்சலிட்டது.

கூட்டம் எபோவைச் சூழ்ந்துகொண்டது. டீச்சர் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தார். நானா ஒத்தூ தோளில் கை வைத்தார்.

“நாள் முழுக்க அதுக்குத் தண்ணி ஊத்துன. அது உம்மகனத் திருப்பிக் கொடுத்திருச்சு. எல்லாம் அது குடுத்த வரம்ப்பா.”

“ஆமா, ஆமா” என்றது கூட்டம்.

எபோ அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். பச்சைச் சட்டையைக் கழற்றிக் கயிற்றின் மேல் போட்டார்.

“வரமாம்” என்று காறித் துப்பிவிட்டு மகனைப் பார்க்க நடந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அது விடியும்போதே செத்துருச்சு. இப்ப அடிங்கடா முரச.”